நிட்சா வியபோலின் கியூபச் சமையல் புத்தகம்: எந்தப் பதிப்பை வாங்குவது?

போன ஒரு வருடத்தில் மூன்று பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் மயாமியில் வேலை பார்க்கிறார். கூட வேலை செய்யும் கியூபப் பெண்ணுக்குக் கல்யாணம், என்ன பரிசு கொடுப்பது என்று யோசித்து யோசித்து, "அவங்க வீடுகள்ல எல்லாம் ஒரு பாட்டி காலத்துச் சமையல் புத்தகம் இருக்குமாமே" என்பது வரை வந்து நிற்கிறார். இன்னொருவர் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு கறுப்பு பீன்ஸும் சோறும் செய்து பார்க்க ஆசைப்படுபவர். மூன்றாமவருக்கு வெந்நீர் வைக்கக்கூட வராது, வரலாறு படிக்கிற ஆள். மூவரும் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்: நிட்சா வியபோலின் 'கோசினா அல் மினுத்தோ'. சேர்ந்த பிறகுதான் குழப்பமே. ஒரே பெயரில் நாலைந்து அட்டைகள், வேறு வேறு தலைப்புகள், சிலவற்றில் ஆண்டே கிடையாது. எதை வாங்குவது?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வியபோல் 1923-இல் நியூயார்க்கில் பிறந்து, கியூபாவில் வாழ்ந்து, 1998-இல் ஹவானாவில் இறந்தவர். கியூபாவில் டிவி வந்தது 1950-இல். அந்தத் தொடக்க காலத்திலேயே சமையல் நிகழ்ச்சி நடத்த வந்து, நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் அதே நிகழ்ச்சியை நடத்தினார். அதே பெயரில் மார்த்தா மார்த்தினெஸுடன் சேர்ந்து அவர் போட்ட புத்தகம்தான் இது. 'அல் மினுத்தோ' என்றால் சட்டென்று, உடனடியாக என்று பொருள். 1959-இல் புரட்சி வந்தது, அவருடைய நேயர்களில் பல வசதியான குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஃபுளோரிடாவுக்குக் கிளம்பின, அவர் கிளம்பவில்லை. நாடு மாறியது, கடையில் கிடைக்கும் பொருள் மாறியது, அவரும் புத்தகத்தை மாற்றிக்கொண்டே போனார். போனவர்கள் பழைய புத்தகத்தைக் கையோடு எடுத்துப்போனார்கள், இருந்தவர்கள் புதியதை வாங்கினார்கள். இரண்டு பக்கமும் இதுதான் எங்கள் பாட்டி புத்தகம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் சொல்வது உண்மை.

அதனால் 'அசல் எது' என்று கேட்டால் பதில் வராது. அதை விட்டுவிட்டு வேறு சில கேள்விகள் கேட்கலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, யாருக்காக வாங்குகிறீர்கள். உங்களுக்கா, ஒரு கியூபக் குடும்பத்துக்கா? குடும்பத்துக்கு என்றால் அவர்கள் எந்த ஆண்டு தீவை விட்டுக் கிளம்பினார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன், கீழே சொல்கிறேன்.

இரண்டாவது, ஸ்பானிஷ். சமையல் ஸ்பானிஷ் கஷ்டமில்லை, நறுக்கு, வதக்கு, சேர், வேகவை என்று ஒரு ஐம்பது சொல் போதும். ஆனால் போனைக் காட்டி மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 'மன்தேக்கா' என்ற சொல்லுக்கு அர்ஜென்டினாவில் வெண்ணெய் என்று பொருள், கியூபாவில் பன்றிக்கொழுப்பு. 'ஆஹி' என்றால் தென்னமெரிக்காவில் காரமான மிளகாய், கியூபாவில் பெரும்பாலும் குடமிளகாய் மாதிரி காரமே இல்லாத வகை. நம் ஆட்கள் ஆஹி என்றதும் மிளகாய் என்று படித்துவிட்டு ஆறு பச்சை மிளகாயைக் கீறிப் போட்டால் அது வேறு நாட்டுக் குழம்பு. 'ஆபிச்சுவேலா' பியூர்ட்டோ ரிக்கோவில் பயறு, கியூபாவில் பச்சை பீன்ஸ். பப்பாளியைத் தேடினால் 'ஃப்ரூத்தா போம்பா' என்று இருக்கும், ஏனென்றால் பப்பாயா என்ற சொல் ஹவானாப் பக்கம் நாலு பேர் முன்னால் சொல்லக்கூடியது அல்ல.

மூன்றாவது, புத்தகம் கேட்கும் பொருள் உங்கள் ஊரில் கிடைக்குமா. நான்காவது, எவ்வளவு தூரம் கையைப் பிடித்துச் சொல்லித்தருகிறது. ஐந்தாவது, புத்தகம் என்ன நிலைமையில் இருக்கிறது, அடுப்படியில் வைத்துப் புரட்டினால் தாங்குமா. விலையைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் இதில் அட்டையில் போட்ட விலையை விட அதற்குப் பிறகு ஆகும் செலவுதான் பெரிது.

## 1950-களின் ஹவானாப் பதிப்பு

இதைத்தான் எல்லோரும் கனவு காண்கிறார்கள். புரட்டினாலே அந்தக் காலத்து ஹவானா வந்து உட்கார்ந்துகொள்ளும். நிறுவன விளம்பரங்கள், அமெரிக்கச் சரக்கு தாராளமாக இறங்கிய ஒரு ஊரின் சமையலறை, டின்னில் அடைத்த பட்டாணி, டின்னில் அடைத்த சிவப்புக் குடமிளகாய், ஆலிவ் எண்ணெய், ஆலிவ் காய், உலர்திராட்சை, சமைக்கிற வெள்ளை ஒயின். மாட்டுக்கறியைப் பற்றி யாரும் கவலைப்படாத காலம். 'ரோப்பா வியேஹா', அதாவது பழைய துணி, வேகவைத்த மாட்டுக்கறியை நார் நாராகப் பிய்த்துத் தக்காளியும் குடமிளகாயும் போட்டு வதக்குவது. கொத்துக்கறியில் ஆலிவும் திராட்சையும் போட்டுச் செய்யும் 'பிக்காதியோ'. பீர் ஊற்றிக் குழைவாக இறக்கும் 'லா சொரேரா' கோழிச்சோறு.

குறை என்ன என்றால், இதில் சமைக்க முடியாது. செய்முறையில் தப்பு ஒன்றும் இல்லை, தாள்தான் தாங்காது. எழுபது வருடத்துத் தாள், பழுப்பேறி, மடித்த இடத்தில் அப்பளம் மாதிரி ஒடியும். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் ஒரு பண்டிகைக்கு மேல் வராது. விற்பவர் வைத்ததுதான் விலை. வாங்கிய பிறகு பைண்டிங் செலவு தனி, அதுவும் சாதாரண ஆளிடம் கொடுத்தால் ஓரத்தை வெட்டிவிடுவார், அந்த ஓரத்தில்தான் எந்தப் பாட்டியோ பென்சிலால் 'சர்க்கரை குறைக்கவும்' என்று எழுதியிருப்பார். ஒட்டும் டேப் போடவே வேண்டாம். சில வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும்.

இன்னொரு மறைவான செலவு, பழைய கியூபச் சமையலில் 'ஒரு டின்' என்பது ஒரு அளவு. எந்த டின், எத்தனை கிராம் என்பது அந்தக் கடைக்காரருக்கும் அந்த ஊர்ப் பெண்களுக்கும் தெரியும். இன்றைக்கு நீங்கள்தான் ஊகிக்க வேண்டும்.

வரலாறு படிக்கிற மூன்றாமவருக்கு இது சரி. 1962-க்கு முன்னால் வெளியேறிய ஒரு குடும்பத்துக்குப் பரிசு கொடுக்கக் கையில் காசு இருக்கிறது என்றாலும் சரி. கோயம்புத்தூர்க்காரருக்கு வேண்டவே வேண்டாம்.

## புரட்சிக்குப் பிந்தைய கியூபப் பதிப்புகள்

என் மனசு இதில்தான் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அதை மறைக்கவில்லை.

1962-இல் கியூபாவில் ரேஷன் வந்தது. 'லிப்ரேத்தா' என்று சின்ன நோட்டுப் புத்தகம், நம் ரேஷன் கார்டு மாதிரிதான், வீட்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பயறு, இவ்வளவு எண்ணெய். அமெரிக்கத் தடையால் டின் சரக்கெல்லாம் நின்றுபோனது. அப்போது டிவியில் நின்றுகொண்டு ஆலிவ் எண்ணெய் அரை கப் எடுங்கள் என்று சொல்ல முடியுமா? வியபோல் கேள்வியையே திருப்பிப் போட்டார். இந்தச் சமையலுக்கு என்னென்ன பொருள் வேண்டும் என்பதற்குப் பதில், கையில் இருக்கும் பொருளை வைத்து என்ன சமைக்கலாம் என்று தொடங்கினார். தன் வேலையைப் பற்றி அவரே இப்படித்தான் சொல்லிவந்தார். பின்னால் வந்த பதிப்புகளில் விளம்பரம் போய்விட்டது, மாட்டுக்கறி சுருங்கியது, சத்துணவு பற்றிய பேச்சு வந்தது. கியூபச் சமையலில் ஆப்பிரிக்கர்களின் பங்கை எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர் என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 1950-களின் விளம்பரக் குடும்பங்களில் அந்த முகங்களைத் தேடிப் பாருங்கள்.

1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு வந்த பஞ்சத்துக்குக் கியூபாவில் 'சிறப்புக் காலம்' என்று பெயர். அரசாங்கங்கள் பஞ்சத்துக்குப் பெயர் வைப்பதில் எப்போதும் கெட்டிக்காரர்கள். அப்போது பம்ப்ளிமாஸ் வகைப் பழத்தின் தடித்த தோலை ஊறவைத்து, மாவில் புரட்டி, இறைச்சித் துண்டு மாதிரி பொரித்துத் தின்றார்கள். இதை டிவியில் சொல்லிக்கொடுத்தது வியபோல்தான் என்று பலர் சத்தியம் செய்வார்கள், இல்லை என்பவர்களும் உண்டு. யார் சொல்லிக்கொடுத்தாலும் தின்றது உண்மை, தின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களில் சிலருக்கு இந்தப் பதிப்பைக் கண்டாலே வயிறு சுருங்கும்.

நம் சமையலறைக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், அந்தத் தீவின் கிழங்கும் காயும் நமக்குப் புதிதில்லை. யூக்கா என்பது மரவள்ளி. மலாங்காவுக்குச் சேப்பங்கிழங்கு மிக நெருக்கம். போனியாத்தோ வெள்ளைச் சர்க்கரைவள்ளி. பச்சை வாழைக்காயைத் துண்டாக்கி, ஒரு முறை பொரித்து, தட்டையாக நசுக்கி, மறுபடி பொரித்தால் 'தொஸ்தோனெஸ்', தோல் கறுத்துப்போன நேந்திரம்பழத்தைப் பொரித்தால் 'மதூரோஸ்'. கியூபாவில் பிரஷர் குக்கர் இல்லாத வீடு அரிது, விசில் சத்தம் கேட்டுப் பசியெடுக்கும் ஜாதிதான் அவர்களும். டின் சரக்கைக் குறைத்து எழுதிய புத்தகம் ஃபுளோரிடாவுக்கு வெளியே இருப்பவருக்கு வேலை மிச்சம்.

குறைகள் இல்லாமல் இல்லை. தாளும் அச்சும் சுமார், கியூபாவுக்கு வெளியே தேடிப் பிடிக்க வேண்டும், தபால் செலவு புத்தக விலையைத் தாண்டும். ஸ்பானிஷ் தவிர வேறு மொழி இல்லை. பஞ்சத்தை ஒட்டிச் சுருக்கிய செய்முறையை அப்படியே செய்தால் சில உணவு சப்பென்று இருக்கும், எண்ணெயையும் முட்டையையும் நீங்களே கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் பரிசு விஷயம். சில வருடம் முன்பு ஒரு கியூபக் குடும்பம் விருந்துக்கு அழைத்தது. பெருமையாக ஒரு பிந்தைய பதிப்பைத் தேடி வாங்கிக்கொண்டு போனேன். வீட்டுப் பாட்டி வாங்கினார், புரட்டினார், பின்னால் திருப்பினார், முன்னால் திருப்பினார், "இது யாருடைய புத்தகம்?" என்று கேட்டார். அட்டையில் பெயர் இருக்கிறதே என்றேன். "பெயர் இருக்கிறது" என்றார், மூடி வைத்துவிட்டார். அவர்கள் 1961-இல் வந்தவர்கள். வியபோல் அங்கேயே தங்கி அரசாங்க டிவியில் சமைத்தது அவருக்கு இன்னும் ஆறாத கோபம். எனக்குச் சோறு நன்றாகவே போட்டார்கள், அது வேறு.

## மயாமி மறுஅச்சுகள்

வெளியேறியவர்கள் பெருகப் பெருக மயாமியில் இந்தப் புத்தகத்துக்குப் பசி வந்தது. ஆசிரியர் தீவில் இருக்கிறார், இரு நாட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, உரிமை கேட்க யார் போவது? அனுமதி இல்லாமலே அச்சடித்தார்கள். 'கோசினா கிரியோயா' என்ற தலைப்பில் ஒன்று, 'கோசினா குபானா' என்று இன்னொன்று. அவருக்கு ஒரு காசு போகவில்லை. இதில் ஒரு வேடிக்கை, அவரைத் துரோகி என்றவர்களின் வீட்டில்தான் அவர் புத்தகம் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது.

உள்ளே இருப்பது பழைய பதிப்பின் சமையல். விலை குறைவு, கிடைப்பது சுலபம், அடுப்புப் பக்கத்தில் வைத்துக் குழம்பு தெறித்தாலும் அழ வேண்டாம். ஸ்பானிஷ் தெரிந்து, அமெரிக்காவில் இருந்து, தினம் சமைக்கிற ஆளுக்கு இதைவிட நல்லது இல்லை.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். 'கோசினா கிரியோயா' என்று தேடினால் பியூர்ட்டோ ரிக்கோவின் கார்மென் அபோய் வால்தெஹூலி 1954-இல் எழுதிய அதே தலைப்புப் புத்தகமும் வரும். அதுவும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் அருமையான புத்தகம்தான், ஆனால் தீவு வேறு. அட்டையில் ஆசிரியர் பெயரைப் படித்த பிறகு பணம் கட்டுங்கள்.

மறைவான செலவு டின்களும் ஒயினும்தான். அமெரிக்கக் கடையில் 'சமையல் ஒயின்' என்று விற்பதில் உப்பு கலந்திருக்கும், செய்முறையில் சொன்ன உப்பையும் போட்டால் வாயில் வைக்க முடியாது. உப்பைக் கடைசியில் போடுங்கள். பழைய பிரதிகளில் வசனம் பிசகி, வரி விழுந்து, பிறை மாதிரி அச்சு தேய்ந்து இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

## இப்போதைய ஆங்கில நூல்கள்

அமெரிக்காவில் வளர்ந்த கியூபர்கள் எழுதியவை. படம் இருக்கும், மாற்றுப் பொருள் சொல்லியிருக்கும், சோஃப்ரித்தோவை எவ்வளவு நேரம் வதக்குவது என்று நிமிடக் கணக்கு இருக்கும். சோஃப்ரித்தோதான் அந்தச் சமையலின் தாளிப்பு: வெங்காயம், பூண்டு, குடமிளகாய், பிறகு சீரகம், ஓரிகானோ, சிலதில் தக்காளி. வியபோல் 'சோஃப்ரித்தோ செய்யவும்' என்று ஒரு வரியில் தாண்டிவிடுவார், அவருடைய வாசகிக்கு அது தெரியும். நமக்குத் தாளிக்கத் தெரிந்த மாதிரி. ஆனால் நம் தாளிப்பு மாதிரி வெடித்ததும் இறக்குவது இல்லை இது, சிறுதீயில் குழையும்வரை விட வேண்டும். இந்த இடத்தில் ஆங்கிலப் புத்தகம் உதவும்.

எனக்கு இதில் ஒட்டாதது நினைவுகூரல். ஒரு பயறுக் குழம்புக்கு முன்னால் மூன்று பக்கம் தாத்தாவின் வீட்டு முற்றம். முதல் தடவை அழகு, பசியோடு இருக்கும் எட்டாவது தடவை அழகு இல்லை. பொருள்களும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டை நம்பியே எழுதப்பட்டவை: உரித்து உறைய வைத்த யூக்கா, பாட்டிலில் புளிப்பு ஆரஞ்சுச் சாறு. நம் ஊரில் அந்தச் சாறுக்கு நாரத்தங்காய் கிடைத்தால் பக்கத்தில் வரும், இல்லாவிட்டால் ஆரஞ்சுச் சாற்றில் எலுமிச்சையைப் பிழிந்துகொள்ளலாம். பே இலை என்று போட்டிருந்தால் நம் பிரிஞ்சி இலை அது இல்லை, நம்முடையது பட்டையின் சொந்தக்காரன், வாசனை வேறு. இல்லாவிட்டால் விட்டுவிடுவதே மேல். கறுப்பு பீன்ஸ் கிடைக்காவிட்டால் ராஜ்மா போடுங்கள், ஏமாற்று வேலை இல்லை: ஹவானாப் பக்கம் கறுப்புப் பயறும் சோறும் சேர்ந்தால் 'மோரோஸ் இ கிறிஸ்தியானோஸ்', கிழக்கே சாந்தியாகோப் பக்கம் சிவப்புப் பயறு போட்டு அதற்குக் 'கொங்ரி' என்று பெயர். கோயம்புத்தூரில் நீங்கள் செய்வது கொங்ரி என்று சொல்லிக்கொள்ளலாம்.

## வீட்டுப் பிரதி இருக்கிறதா?

கியூபக் குடும்பத்தில் கல்யாணம் செய்துகொண்ட நம்மவர்கள் சிலருக்கு இந்த நல்ல பிரச்சினை வரும். மாமியார் பிரதி கைக்கு வந்திருக்கும், அட்டை இல்லை, ஐம்பது பக்கம் இல்லை. புதியது வாங்குவதா, இதையே வைத்துக்கொள்வதா? இரண்டும். ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, நல்ல வெளிச்சத்தில் போனில் படம் பிடியுங்கள். ஓரத்துக் குறிப்புகளை மாமியார் இருக்கும்போதே அவரை உட்காரவைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள், அந்தக் கையெழுத்து வேறு யாருக்கும் புரியாது. சமைக்க மயாமி மறுஅச்சு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். லாமினேட் செய்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.

## சரி, எதை வாங்கச் சொன்னேன்?

வரலாற்று ஆளுக்கு 1950-களின் பிரதி ஒன்று, பிந்தைய பதிப்பு ஒன்று. ஒன்றை மட்டும் வாங்கினால் பாதிக் கதைதான். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே உணவின் பொருள் பட்டியலை ஒப்பிட்டுப் பார்ப்பதை நான் எந்த வரலாற்றுப் புத்தகத்துக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். இரண்டுக்கும் காசு இல்லை என்றால் பிந்தையது.

கோயம்புத்தூர்க்காரருக்கு முதலில் ஒரு ஆங்கிலப் புத்தகம், சோஃப்ரித்தோ கைக்கு வந்ததும் பிந்தைய கியூபப் பதிப்பு. முதல் மாதம் மூன்றே மூன்று செய்து பாருங்கள் என்றேன்: கறுப்புப் பயறு, தொஸ்தோனெஸ், பூண்டும் புளிப்புச் சாறும் சூடான எண்ணெயும் ஊற்றிய மரவள்ளி. மிளகாய் போடாமல் செய்து பாருங்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன், போட்டுவிட்டார் என்று கேள்வி.

மயாமி நண்பரிடம் ஒரே ஒரு விஷயம் விசாரிக்கச் சொன்னேன், அவர்கள் எந்த வருடம் வந்தார்கள். 1960-களில் விமானத்தில் வந்தவர்கள் என்றால் மயாமி மறுஅச்சு, கையில் காசு இருந்தால் பழைய ஹவானாப் பிரதி. 1980-இல் மரியெல் துறைமுகத்திலிருந்து படகில் வந்தவர்கள், அல்லது 1994-இல் கட்டுமரம் மாதிரி எதையோ கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவர்கள் என்றால் அவர்கள் வீட்டில் கிடந்தது வேறு புத்தகம், அதைத் தேட வேண்டும். ஆனால் 1994 என்றால் பரிசு கொடுக்கும் முன் ஜாடையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பழத்தோல் ஞாபகத்தைக் கல்யாணத்தன்று யாரும் கேட்கவில்லை.

விசாரித்துவிட்டு வந்தார். மணப்பெண்ணின் அம்மா வழி 1962, அப்பா வழி மரியெல்.

இரண்டு புத்தகம் வாங்கியிருக்கிறார்.